எந்தத் தறி நின்னுச்சு?

1. ஒன்பது தலை

மதுரையிலேருந்து வந்த டாக்டர் மேடம் ஒன்பது பேப்பரையும் மேசையில பரப்பிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழத்தினாங்க. அவங்க கண்ணாடியைக் கழத்தினாலே திட்டு விழப் போகுதுன்னு அர்த்தம்.

"என்ன செல்வி இது? ஒன்பது தலையில ஒண்ணுலகூட அலையைக் காணோம். மனுஷங்களுக்குத்தான் எலக்ட்ரோடு வச்சீங்களா, பூசணிக்காய்க்கு வச்சீங்களா?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. மூளையில எழும்புற அலையைப் பதியிற ஈ.ஈ.ஜி. மிஷினுக்குப் பதினெட்டு வருசமா டெக்னீசியன் நான். எத்தனை தலை பார்த்திருப்பேன்! ஆனா பேப்பர் என்னவோ மேடம் பக்கம்தான் பேசுச்சு.

டெஸ்ட் என்னன்னு முதல்ல சொல்லிருதேன். எலக்ட்ரோடு பதிச்ச தொப்பி, அதான் கேப், அதைத் தலையில மாட்டி, பேஸ்ட் வச்சு, காதுல ஹெட்போன் குடுப்போம். "டுக், டுக், டுக்"னு ஒரே சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். எப்பவாவது ஒருதரம் "டிங்"னு வேற சத்தம். எதிர்பாராம அந்த டிங் வந்ததும், ஒரு நொடியில மூணுல ஒரு பங்குக்குள்ள உச்சந்தலையில ஒரு அலை எழும்பணும். ஒருதரத்துல தெரியாது, பலதரம் வாங்கிக் கூட்டிப் பார்த்தா மேடு மாதிரி நிக்கும். எங்க வேலை பி-300ங்கிற அந்த மேட்டைப் பிடிக்கிறது. சங்கரன்கோவில் விசைத்தறிக்காரங்களுக்குக் காதும் கவனமும் எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் இங்க மிஷினையே கொண்டு வந்தாங்க.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு மிஷின் குடுத்த பெரியவங்க வாறாங்க. அவங்க முன்னாடி ஒரு தலையிலயாவது அலை வரணும். இல்லன்னா மிஷின் மதுரைக்குப் போயிரும். நீங்களும் கூடவே வர வேண்டியதுதான்."

நான் மதுரைக்குப் போனா என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? திருவேங்கடம் ரோட்டுல பஞ்சர் கடை வச்சிருக்கார். கடையைச் சுருட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டா வர முடியும்?

2. நாங்க பட்ட பாடு

என் மேலயும் தப்பு இருக்கலாம், ஆனா வந்தவங்க லேசுப்பட்டவங்க இல்ல. எண்ணெய் தேய்க்காம வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லியும், குருவிகுளத்துக்காரர் ஒருத்தர் நெத்தியில வழிய வழியத் தேய்ச்சுட்டு வந்தார். கேட்டா, "ஆசுபத்திரிக்குப் பரட்டைத் தலையோடயா வாறது?"ங்கார். எலக்ட்ரோடு வழுக்கி வழுக்கிக் காதுக்கு வந்துருச்சு.

இன்னொருத்தரை டிங்கை மனசுக்குள்ள எண்ணச் சொன்னேன். வாய் விட்டு எண்ணினார். அதுவும் ஒண்ணுன்னு ஆரம்பிக்காம, நெல்லு அளக்குற மாதிரி "லாபம்"னு ஆரம்பிச்சார். தாடை ஆடினதுல பேப்பர் பூரா கிறுக்கல்.

மத்தவங்க எல்லாரும் ஒரே ரகம். டுக் டுக் ஆரம்பிச்ச மூணாவது நிமிசம் குறட்டை. டிங் என்ன, தலைமாட்டுல மேளம் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாங்க.

மேடம் திட்டினதுக்கு அப்புறம், புதன்கிழமை வந்த ஒருத்தர் மட்டும் தூங்காம இருந்தார். ஆகான்னு இருந்தேன். சரியா ஒரு மணிக்கு என் போன் அடிச்சுச்சு. மனுசன் துள்ளுன துள்ளல்ல ரெண்டு எலக்ட்ரோடு தெறிச்சு, அதுவும் போச்சு. கூப்பிட்டது என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள்லேருந்து நான் எங்க வேலை பார்த்தாலும் ஒரு மணிக்குக் கூப்பிட்டு "சாப்ட்டியா?"ம்பார். நான் "ம்"முன்னு சொல்லிட்டு வைப்பேன். அவ்வளவுதான் பேச்சு.

அன்னைக்கு "ம்" சொல்லல. "உங்களுக்கு வேற சோலியே இல்லையா? வேலை நேரத்துல கூப்பிடாதீங்க!"ன்னு கத்திட்டு வச்சுட்டேன். காலையிலயே போனை சைலண்ட்ல போட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. அது என் தப்புன்னு அப்ப மண்டையில ஏறல.

3. வியாழக்கிழமை

சுடலை அண்ணாச்சி வந்தார். முப்பது வருசமாத் தறி ஓட்டுதவர், ஒரே ஆளா நாலு தறி பார்க்குதவர். எண்ணெய் இல்லாத தலை. கையெடுத்துக் கும்பிடலாம்னு இருந்துச்சு.

"அண்ணாச்சி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குதேன், தூங்கிராதீங்க."

"இதுக்குப் போயி தூங்குவாங்களா தங்கச்சி? சத்தத்தைப் போடு."

பெரியவங்க மூணு பேரு பின்னால நாற்காலியில இருந்தாங்க. மேடம் நின்னுக்கிட்டே இருந்தாங்க. டுக், டுக், டுக். ரெண்டே நிமிசம். அண்ணாச்சி வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பிச்சுட்டார். மேடம் கை மெதுவா மூக்குக்கண்ணாடிக்குப் போச்சு.

அவரைத் தட்டி எழுப்பலாம்னு அவசரத்துல எட்டினேன். முழங்கை பட்டு ஹெட்போன் ஒயர் கழண்டு விழுந்துச்சு. சத்தம் நின்னு போச்சு.

அண்ணாச்சி வில்லு மாதிரி எந்திரிச்சார். "ஏலே, எந்தத் தறி நின்னுச்சு?"ன்னு ஒரு கூப்பாடு. கேப்பும் ஒயருமா வாசலைப் பார்த்து ஓடுதார். பின்னாலயே ஒயரெல்லாம் சொருகியிருந்த ஆம்ப்ளிபயர் பெட்டி மேசையிலேருந்து இறங்கி அவர்கூடவே கிளம்புது. நான் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தரையோட போறேன். பெரியவங்கள்ல ஒருத்தர் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டார்.

ஒருவழியா உக்கார வச்சதும், "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய?"ன்னேன். அழுகையே வந்துருச்சு.

"சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம்லா வரும்? நாலு தறி ஓடுற வரைக்கும் நிம்மதி. ஒண்ணு நின்னா இழை அறுந்துட்டுன்னு அர்த்தம். அப்ப உசிரு உச்சியில வந்து நிக்கும்."

உச்சியில! நான் மேடத்தைப் பார்த்தேன். "மேடம், டிங்கைத் தூக்கிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டுப் பார்க்கட்டா? சத்தம் வர வேண்டிய நேரத்துல வராம இருக்கட்டும்."

மேடம் கழத்தின கண்ணாடியைத் திரும்ப மாட்டினாங்க. "போடுங்க."

புரோகிராமை மாத்தினேன். டுக், டுக், டுக், ஒண்ணுமில்ல. டுக், டுக், ஒண்ணுமில்ல. அண்ணாச்சி உக்காந்த இடத்துலயே சிலிர்த்துக்கிட்டு இருந்தார். முடிஞ்சதும் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா, உச்சந்தலையில கும்முன்னு ஒரு மேடு! பெரியவங்க மூணு பேரும் எந்திரிச்சு ஸ்கிரீன்கிட்ட வந்துட்டாங்க. மிஷின் இங்கனயே இருக்கட்டும்னு சொல்லிட்டுத்தான் கார் ஏறினாங்க.

4. ஒரு மணி

சந்தோசத்துல டிபன் பாக்ஸைத் திறந்தேன். மணி ஒண்ணு. சோத்தைப் பிசைஞ்சேன். ஒண்ணு அஞ்சு. போன் அடிக்கல. ஒண்ணு பத்து. சோத்தை விட்டுட்டுப் போனையே பார்த்துக்கிட்டிருக்கேன். அப்ப யாராவது எனக்குக் கேப்பை மாட்டியிருந்தா ஸ்கிரீன் பத்தாம அலை செவுத்துல ஏறியிருக்கும்.

நானே கூப்பிட்டேன். "ஏங்க, என்ன ஆச்சு? ஏன் கூப்பிடல?"

"நீதான கூப்பிடாதேன்ன?" பின்னால டியூப்ல காத்து இறங்குற சத்தம்.

"சொன்னா அப்படியே விட்டுருவீங்களா? மணி ஒண்ணு பத்து ஆச்சில்லா!"

காத்துச் சத்தம் நின்னுச்சு. அப்புறம், "சாப்ட்டியா?"ன்னார்.

"ம்"முன்னேன். அப்புறம்தான் சோத்துல கை வச்சேன்.

புதுசா இந்த வேலைக்கு வாற பிள்ளைகளுக்குச் சொல்லுதேன். ஹெட்போன் ஒயரை முழங்கைக்கு எட்டாத இடத்துல வையுங்க. ரெக்கார்டிங் ரூமுக்குள்ள போனைக் கொண்டு போகாதீங்க. ஆனா சரியா ஒரு மணிக்கு வெளிய வந்து அதைக் கையில எடுத்துருங்க.