ரோமர் பாதையில் என் வளைவு

லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு பலசரக்குக் கடை, குட்மேய்ஸில் இன்னொன்று, வீட்டின் பின்பக்கம் நானே கல் அடுக்கி எழுப்பிய அறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், ஒருவரும் கைகொடுக்காமல் இவ்வளவும் கட்டினேன். ரோமர் பாதையில் ஒரு வளைவையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் எவரோ கொஞ்சக் காலம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் நீல வட்டப் பலகை அடித்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது அது இப்போது கண்ணைக் குத்துகிறது. இந்தக் கோடையில் மகள் எங்களைச் சுவிஸுக்குக் கூட்டிப்போனதிலிருந்துதான் இந்த அந்தரம்.

லண்டனுக்கு வருமுன் அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் அகதியாக இருந்தேன். ரோமர் காலத்துக் கல்பாதையில் ஒரு வளைவு மண்சரிவோடு போயிருந்தது. அதைத் திருத்த முகாமிலிருந்து எங்களில் நாலைந்து பேரை அனுப்பினார்கள். விரல் விறைக்கும் குளிரில் கல் சுமந்து அடுக்கினோம். ஊரில் அத்திவாரம் போடும்போது முதற்கல்லின் கீழ் காசு வைப்போம் அல்லவா? காற்சட்டைப் பையில் என்னோடு வந்து சேர்ந்த ஒற்றை ரூபாய்க் குற்றியை அடிக்கல்லின் கீழ் வைத்தேன். மேற்பார்வையாளன் நான் குப்பை போடுகிறேன் என்று நினைத்து ஏசினான். கும்பிட்டுக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இப்போது அந்தப் பாதையில் சுற்றுலாக்காரர் நடக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் என் வளைவைக் காட்டி, இரண்டாயிரம் வருஷமாக அசையாமல் நிற்கிறது என்றாள். இது நான் கட்டியது என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். பகிடி என்று நினைத்து, “உங்களுக்கு அவ்வளவு வயது தெரியவில்லையே!” என்றாள். கூட்டம் சிரித்தது.

“அப்பா, விடுங்கோ. எல்லாரும் பாக்கினம்,” என்றாள் மகள்.

“பாக்கட்டும். பாக்கத்தானே கட்டினது.”

“விட்டால் இந்த மலையையும் தான்தான் வைச்சதெண்டுவார்,” என்றாள் மனைவி.

மகள் பாதையோரத்தில் நட்டிருந்த பலகையைப் பார்த்தாள். “இதிலை ரோமரும் பாதையைப் பராமரிக்கிற இந்த ஊர்ச் சங்கமும்தான் இருக்கு. உண்மையா நீங்களோ அப்பா கட்டினது?”

கூட்டம் சிரித்ததைத் தாங்கினேன். என் பிள்ளை கேட்டதைத் தாங்க ஏலவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். கால் இன்னும் அந்த வளைவில்தான் நிற்கிறது.

ரோமரின் பங்கை நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்கள் யாராவது அந்தச் சங்கத்துக்குச் சொல்லுங்கள்: அடிக்கல்லைக் கிளப்பிப் பார்க்கட்டும், என் ரூபாய் கிடக்கும். அதை எடுக்கவேண்டாம். கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, பலகையில் பெயரை எழுதட்டும். மற்றப் பொடியங்களின் பெயரையும் எழுதலாம். என்னுடையது மேலே வரவேண்டும்.