மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்

பி.எட். பயிற்சிக்குப் போகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள், மாணவி கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள். சேலைக்கு மேல் நாங்கள் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்ததுமே ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். விடைத்தாள் திருத்து, வராத டீச்சரின் வகுப்பைப் பார், சத்துணவுக் கூடத்தில் வரிசையைக் கவனி. கெலமங்கலத்திலிருந்து ஓசூர் போகிற வழியில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் நான் செய்யாத வேலை மணி அடிப்பது ஒன்றுதான். அதற்கு ஆள் இருந்தார்.

என் வீடு பர்கூர்ப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பள்ளிக்கூடம் இருந்த ஊரிலும் பாதி வீடுகளில் தெலுங்கு, மிச்சத்தில் கன்னடமும் தமிழும். தலைமையாசிரியர் திருநெல்வேலிக்காரர். இங்கே வந்து வெகுகாலமாகியும் தெலுங்கு அவருக்கு ஏறவில்லை. ஏற வேண்டும் என்று அவர் நினைத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் வந்தால் தெலுங்கு தெரிந்த யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். நான் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசைக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரராக இருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் அவர்களை 'அதுங்க' என்றுதான் சொன்னார்கள். என் வகுப்பைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்த அன்று, வகுப்பாசிரியை அந்த வரிசையை அப்படியே எழுப்பிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினார். வேண்டாம் டீச்சர், இருக்கட்டும் என்றேன். உன் மார்க்குக்காகத்தான் செய்கிறேன் என்று சிரித்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பே கை தூக்கியது. பேராசிரியருக்குப் பரம திருப்தி.

தண்ணீர் ஊற்றப் போனவர்களில் ஒரு பெண் இருந்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதுவும் யாராவது உற்றுப் பார்த்தால் நின்றுபோகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். முதலில் விளங்காததைத் தெலுங்கில் சொல்வேன், பிறகு தமிழில் படிப்போம். பொங்கல் வருவதற்குள் ஒரு பத்தியை விரல் வைத்து, தடுக்காமல் படித்தாள். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே நான் ஒருநாளும் லீவு போடவில்லை.

அவள் அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறவர். கம்பெனி வேனுக்கு அவர் நிற்கும் இடமும் நான் பஸ் இறங்கும் இடமும் ஒன்றுதான். தமிழ் தெரியாதவர். ஒருநாள் காலையில் தெலுங்கில் மனசு விட்டுப் பேசினார். பெண்ணைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். படிக்கிற பிள்ளை, பத்தாவதாவது முடிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே இவர் தள்ளிப்போட்டு வருகிறார். பள்ளிக்கூடம் நின்றால் மறுநாளே பரிசம் போட்டுவிடுவார்கள் என்றார். பேசும்போது கையில் முள் கீறின இடங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தலைமையாசிரியர் கடைசி வரிசையின் பெற்றோரை ஒவ்வொருவராக வரச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது ஒரு வழக்கம். பத்தாவதில் யாரும் ஃபெயிலாகக் கூடாது. அதனால் ஃபெயிலாகக் கூடியவர்கள் பத்தாவதுக்கே போகக் கூடாது. பள்ளிக்கூடமாக யாரையும் வெளியே அனுப்ப முடியாது. பெற்றோர் தாங்களாகவே டி.சி. கேட்டால் கொடுக்கலாம். அவர்கள் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வர வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் குரலை உயர்த்தாமல், டீ வாங்கிக் கொடுத்தே வரவழைப்பார்.

அந்த அம்மா வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்கள். மகள் கதவோரமாக நின்றாள்.

"இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதும்மா. பத்தாவதுல போயி அசிங்கப்படுததுக்கு இப்பமே டி.சி. வாங்கிட்டுப் போவச் சொல்லு. பக்குவமாச் சொல்லு," என்றார் தலைமையாசிரியர்.

நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். உங்கள் பெண் இப்போது தேறி வருகிறாள், ஒருநாள்கூட லீவு போடாமல் அனுப்பச் சொல்கிறார் சார் என்று தெலுங்கில் சொன்னேன். முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மா முகம் மலர்ந்து அவரைக் கும்பிட்டார்.

சம்மதித்துவிட்டார்களா என்று கேட்டார் அவர். இல்லை, எப்படியாவது பத்தாவது வரை படிக்க வைக்கும்படி கும்பிட்டுக் கேட்கிறார்கள் என்றேன். அவர் தையல் வகுப்பைப் பற்றிச் சொன்னார், தனித்தேர்வு எழுதலாம் என்றார். நானோ, காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள், வீட்டில் படிக்க வையுங்கள் என்று சொன்னேன். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. என்னமும் செய்யட்டும், போகச் சொல் என்று கையை அசைத்தார். அந்த அம்மா எழுந்தார். பிழைத்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

கதவோரம் நின்றவள் தன் அம்மாவிடம் தெலுங்கில் சொன்னாள். "மிஸ் சொல்றதெல்லாம் பொய்மா. சார் என்னை வேண்டாங்கறாரு. டி.சி. வாங்கிட்டுப் போவச் சொல்றாரு."

இரண்டு பாஷையும் தெரிந்தவள் அங்கே நின்றுகொண்டிருப்பதை நான் மறக்கவில்லை. அவள் எனக்காகச் சும்மா இருப்பாள் என்று நம்பியிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டார் தலைமையாசிரியர். அவளே தமிழில் சொன்னாள், திக்காமல்: "நாங்க டி.சி. வாங்கிக்கறோம் சார்."

விவரமான பிள்ளை என்று அவர் பாராட்டினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் அவளை மெச்சியதை அன்றுதான் கேட்டேன். அந்த அம்மா மூச்சு விடாமல் தெலுங்கில் கெஞ்சினார். பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவிடுவார்கள், இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். பிள்ளையே கேட்ட பிறகு இனிமேல் என்ன இருக்கிறது என்று அவர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கோபத்தில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் என்ன ஏற்பாடு நடக்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ். அங்க ஒருத்தர்தான் திட்டுவாரு. இங்க எல்லாரும் திட்றாங்க. நீங்க போயிட்டா என்னை யாரு பக்கத்துல ஒக்கார வெச்சிக்குவாங்க?"

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அம்மாவோடு போனாள்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு நான் போன் செய்தேன். ஆட்கள் வீட்டுக்கு வருவதற்குள், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துக் கோயில் ஒன்றில் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். அது மாசி மாதம். நான் அப்போதும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். என் பயிற்சி முடிய இன்னும் நாள் இருந்தது.