தலைவராக நான் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தங்கச்சியின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை அரசாங்கத் திணைக்களம் ஒன்று கம்பி வேலியால் மறித்துவிட்டது. பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டு வழிவிட்டதால் அவர்களுடைய வளவுக்குள்ளால் றோட்டுக்குப் போய்வந்தாள். அவர்கள் வளவை விற்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தாள். நேரே அனுப்ப முடியாது, ஒரு எம்.பி. சபையில் சமர்ப்பிக்க வேண்டும். ஒருவர் செய்தார். பல மாதங்களுக்குப் பிறகு பொதுமனுக் குழு அவளைக் கூப்பிட்டது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செய்தியில் காட்டும் அந்தப் பெரிய மண்டபத்தின் நடுவில், எம்.பி.மார் கத்த, இவள் தனியாக நிற்பாள் என்று நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே வெளிநாட்டில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக் கூட்டங்களில் லிஃப்ட் பழுது என்று சொல்லக்கூட வாய் வராமல் கடைசிக் கதிரையில் இருப்பேன். அவளும் என்னைப் போலத்தான்.

"அது ஒரு அறை, அண்ணை," என்றாள். "மேசையைச் சுத்திக் கொஞ்ச எம்.பி.மார் இருப்பினம். திணைக்களக்காரரையும் கூப்பிடுவினம். மொழிபெயர்க்க ஆள் இருக்காம். நீங்கள் குழுத் தலைவரா இருந்து என்னைக் கேளுங்கோ, பழகுவம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பழகினோம். தலைவராக நான் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களோ?"

"உந்தத் தலைவர் எனக்கு வேண்டாம்."

குரலைக் கடுமையாக்கினேன். ஒழுங்கை எவ்வளவு காலமாக இருக்கிறது, சாட்சி யார் என்று கேட்டேன். நன்றாகவே பதில் சொன்னாள். ஒரு நாள், "வேலி போட்ட அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டேன். "பயத்தில," என்றாள். அங்கேயும் அதையே சொல் என்றேன். சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது.

விசாரணை நாளில், இங்கே இரவு, வேலையிடத்தில் பெட்டி கட்டிக்கொண்டே பையிலிருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இடைவேளையில் அவளே போன் எடுத்தாள். நாங்கள் பழகிய ஒன்றையும் தலைவர் கேட்கவில்லையாம். நடந்ததைச் சொல்லச் சொன்னாராம். அவள் சொல்லி முடித்ததும், தங்கள் வரைபடத்தில் அப்படியொரு ஒழுங்கையே இல்லை என்றாராம் திணைக்கள அதிகாரி.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பறந்தோ வந்தனான் எண்டு கேட்டன், அண்ணை."

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி குழு திணைக்களத்துக்குச் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு அவள் திரும்பவும் போக வேண்டும். அதற்குள் பக்கத்து வளவைப் பார்க்க ஆட்கள் வந்துபோகிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை எடுங்கோ. இந்த முறை நீங்கள் அதிகாரியா இருங்கோ."

அந்த ஆளாக இருந்து அவளிடம் ஒழுங்கை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.