ஐந்து வரியில் ஒரு வாய்க்கால் சண்டை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் எங்கள் ஆங்கில மிஸ் பழைய பாடங்களை எல்லாம் மறுபடி ஓட்டினார். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் என்று செய்யுளில் வரும் அணிகளை ஒரே மூச்சில் ஒப்பிப்போம். உத்திரமேரூர் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்குவதுபோல இருக்கும். அர்த்தம் கேட்டால்தான் வகுப்பு கப்சிப் என்று ஆகும்.

ஒருநாள் கதையில் வரும் மோதல்களுக்கு வந்தோம். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் அவன் மனசுக்கும்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்து, உங்க ஊர்ல பார்த்ததையே அஞ்சு வரி எழுதுங்க. கமா முக்கியம்" என்றார் மிஸ்.

என் பேனா நிற்கவே இல்லை. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்த வாரம் என் அப்பாவின் முறையன்று, பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்காலை வெட்டித் தன் பயிருக்குத் திருப்பிக்கொண்டார். வரப்பில் இரண்டு பேரும் போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டது. அவருடைய மகள்தான் ஆறாம் வகுப்பிலிருந்து பெஞ்சில் என் பக்கத்து இடம். அந்தச் சண்டையைப் பற்றி நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

பெயர் போடவில்லையே என்ற தைரியத்தில் நான் முழுசாக எழுதிவிட்டேன். 'திருடன்' என்றும் சேர்த்தேன். ஆங்கிலத்தில் அது அவ்வளவு காரமாகத் தெரியவில்லை. மிஸ் உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெரி குட். கமாதான் ஜாஸ்தி."

அவள் தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அடுத்து அவள் எழுந்து வாசித்தாள். மனிதனுக்கும் அவன் மனசுக்குமான மூன்றாவது மோதலை எடுத்திருந்தாள். ஒரு விவசாயி, பயிர் வாடுகிறதென்று முறை தப்பித் தண்ணீர் எடுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க நண்பர் வீட்டு வாசலுக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார். இன்னும் போக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் போய் நின்றேன்.

"திருடன் பொண்ணாண்ட உனக்கு இன்னாடி பேச்சு?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வாட்டி வந்தானா? நா வூட்லதானே கீறேன், உள்ள வர்றதுக்கு இன்னா?"

"நீ போயேன்பா."

"நா இன்னாத்துக்குப் போவணும்? வெட்னது அவன்."

இவரை நம்பினால் ஆகாது என்று நானே கிளம்பினேன். நாலு தெரு தாண்டி வீறாப்பாக நடந்தவள், அவள் வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். செருப்பிலிருந்து கால் வரவில்லை. நாளைக்கு வரலாம் என்று திரும்பினேன்.

"யாரும்மா அது? வாசல்லயே நின்னுக்கினு கீற?" அவளுடைய அப்பா. என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உங்கப்பா அனுப்ச்சாரா?"

அவ்வளவு ஆசையாகக் கேட்டார். நான் எழுதிய 'திருடன்' என்ற வார்த்தையை அவள் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆமா" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவருக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். நான் புளுகுவது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எனக்குப் பாயை எடுத்துப் போட்டாள்.