ரஸ்டன் கொட்டகையில் இருந்த விமானம்

லோர்னா க்வாமி எங்கள் ஊர் விமானத் திடலில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தாள். திடல் என்றால் ஒரு புல் ஓடுபாதை, நான்கு தகரக் கொட்டகைகள், ஒரு பெட்ரோல் பம்ப். பம்பும் ரேடியோவும் காப்பியும் என் பொறுப்பு. வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் காற்று நிற்கிற நாளே குறைவு. லோர்னாவும் அப்படித்தான், ஓய மாட்டாள். விமான மெக்கானிக் பள்ளியில் அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அவள் வாயில் அதிகம் வரும் சொல் ‘வேண்டாம்’. இந்த டயர் வேண்டாம், இன்றைக்குப் பறக்க வேண்டாம். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி கிளீட்டஸ் அவளுக்கு ‘வேண்டாம் லோர்னா’ என்றே பெயர் வைத்திருந்தான்.

“உன்கிட்ட கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டவன் கதி என்ன ஆச்சு?” என்பான்.

“அவனுக்கு மட்டும் சரின்னேன். அந்த ஒரு தப்பைச் சரிபண்ண நாலு வருஷமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டுது. போய் உன் எஞ்சின் பிளக்கைத் துடை.”

1994 ஆகஸ்டில் ஆரின் ரஸ்டன் வந்தான். சூரியகாந்தி பயிரிடுகிறவன், நாற்பத்தைந்து வயது. அவன் அப்பா ஹால்வர் அதற்கு முந்தின குளிர்காலத்தில் இறந்திருந்தார். அவர் இருந்தவரை பூட்டியே கிடந்த கொட்டகையை ஆரின் உடைத்துத் திறந்திருக்கிறான். உள்ளே அவர்களுடைய பழைய இரட்டை இருக்கை விமானம். துணி போர்த்த இறக்கை, நாற்பத்தாறில் செய்தது. கடைசியாக 1971இல் ஓடியது.

“நான் பட்டாளத்துல இருந்தப்போ அப்பா இதைப் பூட்டிட்டாரு. ஏன்னு கேட்டா, ‘கண்ணு சரியில்லை’ம்பாரு. அதே கண்ணை வெச்சுக்கிட்டு இருபது வருஷம் மான் சுட்டாரு” என்றான். “இதை ஓட வெச்சுத் தருவீங்களா?”

லோர்னா விமானத்தைச் சுற்றி வந்தாள். மூக்கில் புரொப்பெல்லர் இல்லை. அது கொட்டகையின் மூலையில் தார்ப்பாயில் சுற்றி, வேலிக்கம்பியால் பதினைந்து இருபது முறுக்குப் போட்டுக் கிடந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

“பத்திரமா வைக்கணும்னா கயிறு போதும்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “இது கட்டிப்போட்ட மாதிரி இருக்கு.”

பறந்த கணக்கு எழுதும் பதிவேட்டையும் புரட்டினாள். கடைசி வரி பென்சிலில் இருந்தது: ‘அக்டோபர் 9. பறக்கவில்லை.’ பறக்காத நாளை யார் அதில் எழுதுவார்கள்?

விமானத்தை டிரெய்லரில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சின் மூடியைக் கழற்றியதும் சிலிண்டர்களுக்கு நடுவே எலிக்கூடு, அதில் காய்ந்த எலும்புகள். காற்றுக்குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. மூன்று சிலிண்டர்களில் லேசான துரு. நான்காவதில் பிஸ்டன் அசையவே இல்லை. லோர்னா பிளக் துளைகள் வழியே எண்ணெய் ஊற்றி ஊற வைத்தாள். தினமும் காலையில் வந்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பாள், வராது. ஆறாம் நாள், கையை வைத்ததுமே தானாக இளகிக்கொடுத்தது போல ஒரு முனகலோடு நகர்ந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு இந்த எஞ்சின் பிடிக்கலை” என்றாள். ஒரு எஞ்சினைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே எனக்கு ஒரு போன். ஆரினின் அம்மா போர்கில்ட். எழுபத்து மூன்று வயது, ஊருக்குள் அதிகம் வராதவர். சோளம் பறிக்கும் மெஷினில் வலது கை போனவர் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் அப்படிக் கை போனவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது உண்டு.

“லோர்னாகிட்ட சொல்லுப்பா, அது ஓடாம இருந்தா நல்லதுன்னு.”

“ஏம்மா?”

போனை வைத்துவிட்டார். நான் லோர்னாவிடம் சொன்னேன். “காரணம் சொன்னா நிறுத்திடுவேன்” என்றாள். அவளே இரண்டு தடவை போன் செய்தாள். மறுமுனையில் எடுக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, எஞ்சினை முதல்முதலாக இயக்க நாள் குறித்தோம். புரொப்பெல்லரை மூக்கில் மாட்டியாயிற்று. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்று. வாலைக் கம்பத்தில் கட்டியாயிற்று. தொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, எங்கே கசிகிறது என்று லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாள். கார்புரேட்டர் அடியில் சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுந்தது. அன்று காற்றே இல்லை. அந்தச் சொட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

ஆரின் வேனில் வந்தான். பக்கத்து இருக்கையில் போர்கில்ட். “வர மாட்டேன்னாங்க, நான்தான் இழுத்துட்டு வந்தேன்” என்று சிரித்தான். அவர் இறங்கவில்லை, கண்ணாடியையும் இறக்கவில்லை.

“யாரும் புரொப்பெல்லரைத் தொடாதீங்க. மீட்டரை எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு லோர்னா கொட்டகைக்குள் போனாள். நானும் காப்பி ஊற்றத் திரும்பினேன்.

ஆரின் தொட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சின்ன வயதில் அப்பா சுற்றுவதைப் பார்த்தவன், எப்படி இருக்கிறது என்று பார்க்க அதன் மர அலகைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்தான்.

எஞ்சின் சட்டென்று உயிர்பெற்றது. ஒரே ஒரு வெடி. புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஆரின் புல்லில் மல்லாந்து கிடந்தான். சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்திருந்தது. உள்ளே தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

லோர்னா ஓடி வந்தாள். “தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? காது எங்க வெச்சிருக்கே?”

“சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு! நீங்களே போய்ப் பாருங்க!” என்றான் ஆரின்.

அப்போதுதான் வேன் கதவு திறந்தது. போர்கில்ட் மகன் பக்கம் போகவில்லை. நேராக விமானத்துக்கு வந்து, இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஆஃப்ல இருக்கு” என்றார். பிறகு லோர்னாவிடம், “ஆஃப்ல இருந்தா எப்படி ஓடுச்சு?”

இந்த மாதிரி எஞ்சினுக்குப் பேட்டரி வேண்டாம். சுற்றினாலே மேக்னட்டோ என்கிற காந்தக் கருவி தானாகத் தீப்பொறி கொடுக்கும். சுவிட்சை அணைப்பது என்றால் அந்த மின்சாரத்தை ஒரு கம்பி வழியாக எஞ்சினின் உடம்புக்குத் திருப்பிவிடுவது, அவ்வளவுதான். கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் சொல்வது எஞ்சினுக்கு எட்டாது. அதைச் சோதிக்கத்தான் லோர்னா மீட்டரை எடுக்கப் போனாள். சோதிப்பதற்கு முன்பே பிளக் ஒயர்களை மாட்டிவைத்தது அவள் தப்பு. பின்னால் அதை அவளே எல்லோரிடமும் சொன்னாள்.

முதலில் எல்லாப் பிளக்குகளின் ஒயரையும் பிடுங்கினாள். பிறகு சுவிட்சின் பின்பக்கத்தைத் திறந்து கம்பியை வெளியே இழுத்தாள். துணி உறைக்குள் செம்பு இரண்டாக அறுந்திருந்தது. முனைகளில் பச்சைக் களிம்பு.

“இது எப்ப அறுந்தது?” என்றார் போர்கில்ட்.

“தேதி சொல்ல என்னால முடியாதும்மா. ஆனா சும்மா நிக்கிற விமானத்துல இப்படி அறாது. ஓடற அதிர்வுலதான் அறும். கடைசியா ஓடினப்பவே போயிருக்கணும்.”

போர்கில்ட் அந்தக் கம்பியை வாங்கிக்கொண்டார். மகன் பக்கம் திரும்பினார்.

“சோளம் பறிக்கிற மெஷின் இல்லை, ஆரின். இதுதான்.”

ஆரின் எழுந்து உட்கார்ந்தான்.

“அன்னிக்கு உங்கப்பா உள்ள உக்காந்திருந்தாரு. நான் வெளியில. ‘ஆஃப் பண்ணிட்டேன் போர்கி, பெட்ரோல் உள்ள ஏற ரெண்டு தடவை சும்மா சுத்திவிடு’ன்னாரு. சுத்தினேன். ஆஸ்பத்திரியில அழுதுகிட்டே அதையேதான் சொன்னாரு. ‘ஆஃப் பண்ணினேன், ஆஃப் பண்ணினேன்’னு. பொய் சொல்லாதே ஹால்வர்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஊருக்கு மெஷின் கதையைச் சொன்னது நான்தான். அவரைக் காப்பாத்தினதா நெனச்சேன். வீட்டுக்குள்ள மட்டும் குத்திக்காட்டறதை விடலை. கொஞ்ச வருஷத்துல அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, ‘ஆமா, நான்தான் மறந்துட்டேன் போல’ன்னு.”

“கையை எடுத்துச்சுன்னு சொல்லி அந்த மெஷினை வித்தீங்களேம்மா” என்றான் ஆரின். “பத்து வருஷம் அறுவடைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கையை எதிர்பார்த்தோம். அப்பா அதுக்கும் ஒரு வார்த்தை பேசலை.”

“பேசலை” என்றார் அவர்.

ஆரின் தனியாக வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போர்கில்டை என் காரில்தான் வீட்டில் விட்டேன். வழி முழுக்க மடியில் அந்தக் கம்பித் துண்டு.

இனி இந்த வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். புதன்கிழமை போர்கில்ட் போன் செய்து, புதுக் கம்பி போட்டாயிற்றா என்று கேட்டார். சனிக்கிழமை தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆரின் வரவில்லை. லோர்னா கம்பியை மூன்று தடவை மீட்டரில் பார்த்துவிட்டு, அவரை உள்ளே உட்காரவைத்தாள். வெளியே நின்று அவளே சுற்றினாள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. நீலப்புகை கிளம்பியது, துணி இறக்கைகள் நடுங்கின, பிறகு சத்தம் சீரானது. பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. லோர்னா கையைக் காட்டியதும் போர்கில்ட் இடது கையை நீட்டிச் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் உடனே நின்றது.

நல்ல எஞ்சின்தான். ஆனாலும் நாங்கள் யாரும் கைதட்டவில்லை. போர்கில்ட் நெடுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்குவது பின்பக்கக் கண்ணாடி வழியே தெரிந்தது. லோர்னா இறக்கைக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காப்பி கொடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மாவிடம் ஆரின் மறுபடி பேச மூன்று மாதமானது. கிறிஸ்துமஸுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வசந்தத்தில் மொன்டானாவிலிருந்து ஒரு வாத்தியார் தம்பதி வந்து விமானத்தை வாங்கி, மேற்கே பறந்து போனார்கள். ஆரின் வழியனுப்ப வரவில்லை, விதைப்பு வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினான். லோர்னா அவர்களைக் கிளம்பவிடாமல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, ஒவ்வொரு கம்பியாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.