வெங்காயம் வெட்டாத ஊர்

அயர்லாந்து முழுவதையும் நான் காரில் மூன்று தடவை சுற்றியிருக்கிறேன். எங்கள் ஊர் டூங்கபியில் வேறு எவனாவது இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்.

சரி, பொய். மூன்று தடவையும் கார் எங்கள் வீட்டு டிரைவ்வேயை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் அந்தப் பயணத்தில் ஒரு பற்றரி செத்துப்போனது, பின்சீட் உறை ஒன்று குப்பைக்குப் போனது. அதனால் சும்மா இருந்தோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இதை இப்போது ஒரு சூட்கேசின் மேல் குந்தியிருந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சூட்கேஸ் மூடமாட்டேன் என்கிறது. "நீங்கள் வேற ஒண்டும் செய்யவேண்டாம். இதுக்கு மேல இருங்கோ, அது போதும்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது. படிப்புத் தேவையில்லை. பாரம் இருந்தால் போதும்.

மனைவி வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அங்கே அயர்லாந்துக்காரக் கிழவி ஒருத்தி இருக்கிறாள். காலுறை போட்டுவிடும்போதெல்லாம் கிழவி தன் ஊரைப் பற்றிச் சொல்வாளாம். மழை, செம்மறி, கடலுக்கு மேலே சுவர் மாதிரி நிற்கும் பாறை, திரும்பவும் மழை. கடைசியாக ஒருநாள், "எங்கள் ஊருக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், றோட்டு அவ்வளவு மோசம்" என்றாளாம். அன்றைக்கு மனைவி வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"நாங்கள் அயர்லாந்துக்குப் போறம். கார் எடுத்துச் சுத்திப் பாக்கிறம்."

"அங்க எங்களுக்கு ஆரைத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் தெரியாது. அதுதான் போறம்."

எனக்கு விளங்கவில்லை. தெரிந்த ஆள் இல்லாத ஊருக்கு மனுசர் எதற்குப் போவார்கள்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் போன விடுமுறையெல்லாம் ஒழுங்கான விடுமுறைகள்தான். மெல்பேர்ன் போனால் கிரெய்கிபர்னில் அவளின் அண்ணன் வீட்டில் நான்கு நாள். பிறகு கிரான்பர்னில் என் சித்தப்பா மகன் வீட்டில் மிச்ச நாள். சாப்பாடு, பேச்சு, சாப்பாடு. நான் சோபாவில் சாய்ந்திருந்து உலக அரசியலைச் சரிசெய்வேன்.

"உங்களுக்கு அது ஹொலிடே" என்றாள். "நான் கிரெய்கிபர்னில வெங்காயம் வெட்டினனான். கிரான்பர்னில வெங்காயம் வெட்டினனான். மெல்பேர்னில நான் பாத்தது அண்ணி வீட்டுச் சிங்க்குக்கு மேல இருக்கிற யன்னலை மட்டும்தான். அதுக்கால தெரியிறது பக்கத்து வீட்டு வேலி. ஒரே ஒருக்கா, ஒருத்தரும் 'தேத்தண்ணி போடட்டோ' எண்டு கேக்காத இடத்தில நான் நிக்கோணும். மழையில எண்டாலும் பரவாயில்லை."

இதற்கு மறுமொழி சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஓம் என்றேன்.

ஆனால் ஐந்து வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். மெல்பேர்ன் போகும் வழியில் கோல்பேர்ன் வருமுன்னரே வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்துப் பேரெடுத்தவள். அதனால் டிக்கெட் எடுக்க முதல் ஒத்திகை பார்க்கவேண்டும், பிள்ளை கார் சீட்டில் பெல்ட்டோடு இரண்டு மணித்தியாலம் இருந்து பழகவேண்டும் என்று மனைவி சொன்னாள். காரில் ஓடிப் பழகலாம் என்றுதான் அவள் நினைத்தாள். காரை எடுக்காமலே பழகலாம் என்பது என் மூளையில் உதித்தது. நாள் முழுக்கப் பார்சல் வான் ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓடச் சொன்னால் இப்படித்தான் மூளை வேலை செய்யும்.

முதல் சுற்று டப்ளினில் தொடங்கியது. பெல்ட் போட்டோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மகள், இடப்பக்கம் பாருங்கோ, கோட்டை தெரியுது" என்றேன். பக்கத்து வீட்டுக்காரரின் பச்சைக் குப்பைத்தொட்டியைக் கை காட்டினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, தி கார் இஸ் நொட் மூவிங்."

"டிராஃபிக், மகள்."

இரண்டாவது சுற்றில் கொஞ்சம் உண்மைத்தன்மை சேர்க்க விரும்பினேன். அயர்லாந்து றோட்டுகள் ஒடுக்கம், வளைவு அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வளைவு வரும்போதெல்லாம் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தேன். மகளையும் சரியச் சொன்னேன். கோர்க் தாண்டி ஏழெட்டு வளைவு போயிருப்போம். நின்ற காருக்குள் பிள்ளை சத்தி எடுத்தாள். மூடிய கராஜ் கதவுக்கு முன்னால், கைபிரேக் போட்ட காரில். டாக்டர்மாருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் மழை வேண்டுமென்று மகளே கேட்டாள். தோட்டத்துக் குழாயைக் காரின் கூரைமேல் கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வைப்பரைப் போட்டேன். மனைவி புட்டும் சம்பலும் பெட்டியில் கட்டிவந்து பரிமாறினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் குப்பைத்தொட்டியை எடுக்க வந்தவர், நின்ற காரில் மழை பெய்வதையும் உள்ளே ஒரு குடும்பம் புட்டுச் சாப்பிடுவதையும் பார்த்துவிட்டு, யன்னலில் தட்டி, "ஆர் யூ ஓகே, மேட்?" என்றார்.

"ஐயர்லாண்ட்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தொட்டியை எடுக்காமலே திரும்பிப் போனார்.

ஆனால் மகள் சத்தி எடுக்கவில்லை. மழைச் சத்தத்தில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போனாள். வைப்பர் ஓடி ஓடிப் பற்றரிதான் செத்தது. மனைவி பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அன்று பின்னேரமே டிக்கெட் எடுத்தாள். எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று பாதை போடும் வேலையை என்னிடம் தந்தாள். "நீங்கள்தானே டிரைவர்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஓர் அடி உயரம் கூடிவிட்டது.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

ஒரு பிறந்தநாள் விழாவில் வாயை வைத்துக்கொண்டு இருக்கமுடியாமல், "நாங்கள் அயர்லாந்து போறம்" என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னேன். கேக் வெட்ட முன்னரே ஒரு அன்ரி வந்து நின்றா.

"தம்பி, அயர்லாந்தோ போறியள்? என்ர பெறாமகள், தங்கச்சியின்ர பிள்ளை, கோல்வேயில இருக்கிறாள். ஒரு சின்னப் பார்சல்தான். கொஞ்சம் மிளகாய்த்தூள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்தது: "அதுக்கென்ன அன்ரி, தாங்கோ."

தொழில் அப்படி. பார்சல் என்று ஒருத்தர் நீட்டினால் என் கை தானாகவே போய் வாங்கிவிடும்.

அடுத்த நாள் கிரெய்கிபர்னிலிருந்து மச்சான் போன் எடுத்தார். மனைவியின் சொந்த அண்ணன். என் பக்கத்து ஆள் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்ன மச்சான், ஹொட்டேலில தங்கப் போறியளாம்? எங்களுக்கு ஆக்கள் இல்லாத மாதிரி! என்ர மனுசியின்ர மாமான்ர பெடியன் கோர்க்கில இருக்கிறான். நான் கதைச்சிட்டன். அவன் மேல் அறையைத் துப்பரவாக்கத் தொடங்கிட்டான்."

"இல்லை மச்சான், இவ என்ன சொல்லுறா எண்டால்..."

"அவளுக்கு என்ன தெரியும்? லிமெரிக்கிலயும் ஒரு சிநேகிதன் இருக்கிறான். அவனுக்கு இடியப்ப உரல் ஒண்டு வேணுமாம். மரத்தில."

ஒரு கிழமைக்குள் எங்கள் கராஜ் பார்சல் டிப்போ மாதிரி ஆகிவிட்டது. ஊறுகாய், மிளகாய்த்தூள், தைத்த சாறிச் சட்டைகள், இரண்டாய்க் கழற்றிக் கட்டிய குத்துவிளக்கு. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. உண்மையில் நிம்மதியாக இருந்தது. எனக்குத் தபால்பெட்டி இல்லாத இடம் இடமாகவே தெரியாது. பாறையைப் பார்க்கப் போ என்றால் எங்கே நிற்பாட்டுவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது? இப்போது விலாசங்கள் இருந்தன. இரவுச் சாப்பாடு ஒவ்வொரு வீட்டிலும் உறுதி. ஒரு பெரிய தாளில் பாதையைக் கீறினேன். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட மிகத் திறமான பாதை அதுதான். ஒரு றோட்டிலும் இரண்டாந்தரம் போகத் தேவையில்லை. மனைவிக்கு முன்னால் பெருமையாக விரித்துவைத்தேன்.

அவள் கனநேரம் பார்த்தாள்.

"இதில பாறை எங்க?"

"பாறை... கோல்வேக்கும் லிமெரிக்குக்கும் இடையில, நேரமிருந்தால், காருக்குள்ள இருந்து பாக்கலாம்."

"கிழவி சொன்ன ஊர்?"

"அங்க ஒருத்தரும் இல்லையப்பா. டெலிவரி இல்லை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் தாளை மெதுவாக மடித்தாள்.

"இது பயணமில்லை. நீங்கள் திங்கட்கிழமை ஓடுற ஓட்டம். இந்த ஓட்டத்துக்கு நான் வரேல்லை. வெள்ளிக்கிழமை எங்கட வேலை முறை ரோஸ்டர் போடுவினம். அதுக்குள்ள இந்த வீடெல்லாம் இல்லையெண்டு ஆகோணும், இந்தப் பார்சலெல்லாம் திரும்பிப் போகோணும். இல்லாட்டி என்ர லீவைத் திருப்பிக் குடுத்திட்டு நான் வேலைக்குப் போறன். அங்கயாவது என்ர பாட்டில நிப்பன்."

அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாத்திரம் கழுவப் போனாள். எங்கள் சிங்க்குக்கு மேலேயும் ஒரு யன்னல் இருக்கிறது. அதிலும் வேலிதான் தெரிகிறது. அன்றைக்குத்தான் அதை நான் கவனித்தேன்.

பார்சல்களைத் திருப்பிக் கொடுப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். வாங்கவேண்டிய வீட்டில் ஆள் இல்லையாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். இத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆள் இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மச்சான்தான் மிச்சம். அவரிடம் "உங்கட தங்கச்சிக்கு உங்கட ஆக்கள் வேண்டாமாம்" என்று சொல்லும் துணிவு எனக்கு இந்தப் பிறப்பில் வராது. போன் எடுத்தேன். மூச்சை இழுத்தேன்.

"மச்சான், பயணம் இல்லை. பிள்ளைக்குக் கார் ஒத்துவரேல்லை. நிண்ட காருக்குள்ளயே சத்தி எடுக்கிறாள்."

கடைசி வசனம் உண்மை. அதனால் குரல் நன்றாக உடைந்தது.

"ஐயோ, நிண்ட காருக்குள்ளயோ?" என்றார் மச்சான். பிள்ளையைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நான் வெற்றி என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அண்ணி மனைவிக்குப் போன் எடுத்தா. மனைவி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சாள், ஒண்டுக்கும் கவலைப்படாதையும். பயணம் நிண்டுபோச்சாம், பிள்ளைக்கும் ஏலாதாம், அவர் எல்லாம் சொன்னவர். நாங்கள் சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு உங்கட வீட்டை வாறம். எங்கட பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு. ஒரு கிழமை நிண்டு உங்களைத் தேற்றிப்போட்டுத்தான் போவம்."

சனிக்கிழமைதான் எங்கள் விமானம்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு அவள் போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஓம் அண்ணி" என்றாள், தேன் ஒழுகும் குரலில். "கட்டாயம் வாங்கோ. கதவுத் திறப்பு கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழ இருக்கும். உங்கட வீடு மாதிரி நினைச்சு இருங்கோ. வெங்காயம் குசினியில கூடைக்குள்ள இருக்கு."

"நீங்கள் வீட்டில நிக்கமாட்டியளோ?"

"பிள்ளைக்குக் காத்து மாற்றம் வேணுமாம் அண்ணி. ஒரு எட்டு வெளியில போட்டு வாறம்."

அயர்லாந்தை ஒரு எட்டு என்று சொன்ன முதல் மனுசி அவளாகத்தான் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை ரோஸ்டரில் அவள் பேர் இல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. சூட்கேஸ் ஏன் மூடவில்லை என்றால், உள்ளே குட்டி ரைஸ் குக்கர் ஒன்று இருக்கிறது. வெங்காயம் வெட்டமாட்டேன் என்றவள் சோற்றை விடவில்லை. நான் கேட்கவில்லை. மேலே இருக்கிறவன் கேள்வி கேட்கக்கூடாது.

கொஞ்ச நேரத்துக்கு முன் என் போன் அடித்தது. மச்சான். கோல்பேர்னில் கோப்பி குடிக்க நிற்பாட்டியிருக்கிறார்களாம். இரண்டு மணித்தியாலத்தில் டூங்கபி வந்துவிடுவார்களாம்.

"என்ன மச்சான், எங்க போறியள் எண்டு என்ர மனுசிக்கு வடிவாச் சொல்லேல்லையாம்? கிட்டவோ தூரவோ? நாங்கள் வேணுமெண்டால் வீட்டை வராமல் நேர அங்கயே வாறம்."

நான் சொன்னேன், மச்சான், அது என்னவென்றால், அந்த இடத்துக்கு றோட்டு...

"இஞ்சேருங்கோ! இன்னும் அதுக்கு மேலயே இருக்கிறியள்? சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வாங்கோ, டாக்சி வந்து எவ்வளவு நேரம், மகள் ஏறி இருந்திட்டாள்!"

ஒரு நிமிசம். மச்சானுக்கு நான் சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன். றோட்டு எப்படியென்றால்...

"அப்பா! அப்பா! திஸ் கார் இஸ் மூவிங்!"

வாறன், வாறன், நிப்பாட்டச் சொல்லுங்கோ