ஏன் என்று கேட்காத எஸ்தர் சிஸ்டர்

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளம் நர்ஸ் ஒருத்தி வங்காளத்தில் பேசினாள். "மாஷிமா, எஸ்தர் சிஸ்டர் நேற்று போய்விட்டார். இன்று காலை அடக்கமும் முடிந்தது." நான், "எந்த எஸ்தர்?" என்று கேட்டேன். எனக்கு என்னவோ பத்து எஸ்தரைத் தெரிந்தது போல! தெரிந்தது ஒரே ஒருத்தரைத்தான். அவருக்கு மார்பில் புற்றுநோய் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த மருத்துவமனையின் வாய்ப்புற்றுநோய் வார்டில் படுத்திருந்தவர்களுக்கும், அங்கே ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களுக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்கத்தாவுக்கு நர்ஸாக வந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் இங்கேயே இருந்துவிட்டவர். கட்டை குட்டையான உருவம், வார்டு முழுக்கக் கேட்கும் சிரிப்பு. நான் கொண்டுபோகும் கஞ்சியைப் பார்த்து, "இது கஞ்சியா, சுவருக்குப் பூசுத சாந்தா, அக்கா?" என்று கேலி செய்வார். அவரோடு சண்டை போடவும் முடியாது, கோபித்துக்கொண்டு இருக்கவும் முடியாது.

என் கணவர் சேகர் 1990களின் கடைசியில் நோயாளியாகச் சிஸ்டரிடம் வந்து சேர்ந்தார். கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் அலுவலகம். சாப்பாட்டுக்குப் பின் ஜர்தா புகையிலை போட்ட பீடா, தேநீருக்குப் பின் ஒன்று, பஸ்ஸில் ஏறும் முன் ஒன்று. கன்னத்துக்குள் புண் வந்தபோது கொப்பளித்தால் போய்விடும் என்றார். போகவில்லை. வார்டில் சேர்த்த முதல் நாள் அவர் சிஸ்டரிடம் தானாகவே, குற்றவாளி மாதிரி ஆரம்பித்தார். "எல்லாம் நானே வரவழைச்சுக்கிட்டதுதான் சிஸ்டர், பீடா..." சிஸ்டர் அவரை முடிக்க விடவில்லை. "ஏன் வந்துச்சுன்னு பாக்கதுக்கு டாக்டருமாரு இருக்காவ, அண்ணாச்சி. எனக்கு எங்க வலிக்குன்னு மட்டும் சொல்லுங்க." அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். சீக்கு வந்த பிறகு அவர் தலை நிமிர்ந்து ஒருவரைப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

புண் முற்றியபோது வாடை வந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கதவருகே நின்று முந்தானையால் மூக்கைத் துடைப்பது போலப் பொத்திக்கொள்வார்கள். சிஸ்டர் மட்டும் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, புண்ணைக் கழுவிக்கொண்டே முந்தின நாள் பார்த்த கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். சிஸ்டருக்குக் கால்பந்தில் ஒரு மண்ணும் தெரியாது. தப்பாகச் சொல்வார், இவர் பேச முடியாத வாயால் அதைத் திருத்தப் பார்ப்பார். அதற்காகவே தப்பாகச் சொன்னாரோ என்னவோ.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமலா அண்ணி என் கணவருக்கு அக்கா, தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பிள்ளைகள் இல்லை. தன் கணவர் இறந்த பின்னும் கல்கத்தாவில் பவானிபூரிலேயே இருந்தார். தினமும் இளநீரோடு வருவார், வந்ததும் ஆரம்பித்துவிடுவார். "சொன்னேனே, கேட்டியாடா? வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு இப்படித்தான் ஆகும்." என் கணவர் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் சிஸ்டரிடமே சொன்னேன், இந்த அம்மாவை உள்ளே விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று. சிஸ்டர் வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "திட்டுதவங்களுக்கும் எங்கயோ வலிக்குக்கா" என்றார். என்ன பெரிய உபதேசம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் அண்ணியை விரட்டவில்லை. வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அங்கே பேசியது எனக்குப் பிறகுதான் தெரியும்: கும்பகோணத்து வீட்டில், ஏதோ விருந்தன்று, தம்பி ஆசையாகக் கேட்டான் என்று முதல் வெற்றிலையை மடித்து அவன் வாயில் வைத்தவரே அண்ணிதான். 'நான்தான் பழக்கினேன், நான்தான் கொன்னேன்' என்று சிஸ்டரிடம் அழுதிருக்கிறார். தம்பியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, திட்டத்தான் வந்தது. சிஸ்டர் ஒரு வழி சொன்னார். "புகையில, சுண்ணாம்பு ஒண்ணும் வேண்டாம். வெறும் வெத்தல ஒண்ணு மடிச்சுக் கொண்டுவாங்க. அவுக மெல்ல வேண்டாம், கையில வச்சு மோந்துக்கிடட்டும். அப்பம் சொல்லுங்க, தன்னால வரும்."

அப்போது துர்கா பூஜை தொடங்கியிருந்தது. இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: எந்தக் காரியமாக இருந்தாலும் 'பூஜை கழியட்டும்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கல்யாணப் பேச்சு, குழாய் ரிப்பேர், கோர்ட்டு வழக்கு, எல்லாம் பூஜைக்குப் பிறகுதான். தெருவெல்லாம் பந்தல், பஸ் பாதை மாற்றம், மனிதக் கடல். அண்ணியும், "பூஜை கழிச்சு எடுத்துட்டு வரேன் சிஸ்டர், இந்தக் கூட்டத்துல என்னால முடியாது" என்றார். சொல்லப் பயந்தவருக்கு அது வாகாகவும் இருந்தது. சிஸ்டரும், "சரிக்கா" என்றுவிட்டார்.

அஷ்டமி அன்று பகலில், வெளியே மேளம் அதிர்ந்துகொண்டிருந்தபோது என் கணவர் போய்விட்டார்.

தகவல் கிடைத்து அண்ணி கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வந்தார். கையில் மடித்த வெற்றிலை. கட்டிலைப் பார்த்துவிட்டுச் சிஸ்டரின் கையைப் பிடித்து, "எம்மேல கோவத்தோடயே போனானா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும், இல்லை அம்மா, உங்களைத்தான் தேடினார் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பார்கள். சிஸ்டர் சொன்னார்: "தெரியலியேக்கா. நேத்து வெத்தல வருதுன்னு சொன்னேன். யாரு மடிக்கான்னு கண்ணால கேட்டாவ. அக்கான்னேன். திரும்பிப் படுக்கல." அவ்வளவுதான் அண்ணிக்குக் கிடைத்தது. போதாதுதான். சிஸ்டருக்கும் அது போதவில்லை. "அன்னைக்கே கீழ கடையில ஒரு வெத்தல வாங்கி உங்க கையில திணிச்சிருக்கணும்க்கா, சரின்னுட்டேனே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! அதற்குப் பிறகு அந்த வார்டில் யாராவது 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்றால் விடமாட்டாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்பமே" என்பாராம்.

காரியம் முடிந்த மறுவாரம் அண்ணியை எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு அவரே அழைத்து வந்தார். வெற்றிலைக் கதையை அண்ணி தன் வாயால் என்னிடம் சொல்லி முடிக்கும்வரை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தேன். அழுகைதான் வந்தது. பிறகு ஒவ்வொரு விஜயதசமிக்கும் சிஸ்டர், பூஜை முடிந்து பெரியவர்களைப் பார்க்கப் போகிற வழக்கப்படி, சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தோடு வருவார். இந்த வருஷம் வரவில்லை. "கொஞ்சம் அசதிக்கா" என்று போனில் சொன்னார்.

அசதியாம்! மார்பில் கட்டியை அவர் போன வருஷப் பூஜைக்கு முன்பே கண்டிருக்கிறார். பூஜைக்கு எல்லா நர்ஸுகளும் ஊருக்குப் போவார்கள். நமக்குக் கிறிஸ்துமஸ்தானே என்று அத்தனை பேர் வேலையையும் வருஷாவருஷம் தன் தலையில் போட்டுக்கொள்வார். போன வருஷமும் அப்படித்தான். டாக்டரிடம் காட்டுவதற்குள் முற்றிவிட்டது. பிறர் வாயில் 'அப்புறம்' வரவிடாதவர் தனக்கு அதைச் சொல்லிக்கொண்டார். தெரிந்த ஒரு அம்மாள் போனில், "நர்ஸா இருந்துக்கிட்டு இதைக் கவனிக்கலையா?" என்று உச்சுக் கொட்டினார். வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கோபம் அந்த அம்மாள்மேல் மட்டும்தானா என்றால், இல்லை. சிஸ்டர்மேலும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது என்னோடுதான் இருக்கும் அண்ணியிடம் செய்தியைச் சொன்னேன். ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. "கடைசியில பக்கத்துல யாரும்மா இருந்தா?" என்றார். வார்டுப் பெண்கள் முறைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றேன். "நாம இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

சிஸ்டருடைய புகைப்படம்கூட என்னிடம் இல்லை. சாகும்வரை முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நான் சபதம் போட்டிருந்த ஒரு மனுஷியை என் வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர் விட்டுப்போனது அண்ணிதான். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறது. இதை இத்தோடு நிறுத்திவிட்டு நான் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.